சமையல் இல்லாத வெள்ளிக்கிழமை

பாகலூரிலிருந்து பேரிகை போகும் சாலையில், வலது கைப்பக்கம் யேசுராஜின் ரோஜாத் தோட்டம். பிளாஸ்டிக் கூரை போட்ட நான்கு பாலிஹவுஸ், ஒரு பேக்கிங் ஷெட், பூவை வைக்க ஒரு கோல்டு ரூம், அதற்குப் பின்னால் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்க ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சமையலறை. பெனிஷா அங்கே பதினோரு வருடமாக சூப்பர்வைசர். எந்த வரிசையை யார் பறிப்பது, எந்தப் பூ எந்தப் பெட்டிக்குப் போவது, யாருக்கு லீவு என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். வேலைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னடப் பெண்கள். விடிவதற்கு முன் டெம்போவில் ஏறி ஆறு மணிக்கு இறங்குவார்கள். பெனிஷா பாகலூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் எங்கே முடிந்து கன்னடம் எங்கே தொடங்கியது என்று அவளுக்கே சில நேரம் தெரியாது.

பிப்ரவரி முதல் பத்து நாள்தான் அந்தத் தோட்டத்துக்கு வருடம். காதலர் தினத்துக்குப் போகிற சிவப்பு ரோஜா அந்தப் பத்து நாளில் போனால் போனது, இல்லாவிட்டால் கோவில் மாலைக்குத்தான். போன வருடம் ஜனவரியில் டவுனி என்ற பூஞ்சை நோய் வந்து இலையெல்லாம் கொட்டிவிட்டது. யேசுராஜ் மூன்றாவது பாலிஹவுஸில் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுததைப் பெனிஷா பார்த்திருக்கிறாள். இருபது வயதில் இன்னொருவர் தோட்டத்தில் மருந்தடிக்க வந்து, முப்பது வருடத்தில் சொந்தமாக நான்கு பாலிஹவுஸ் போட்ட மனிதர் அவர். அழுவதற்குக் காரணம் இருந்தது.

இந்த வருடம் அதே மூன்றாவது பாலிஹவுஸில் நாலைந்து இலைகளில் அந்த நோயின் ஊதாப் புள்ளி தெரிந்தது. அன்றே யேசுராஜ் மூன்று நாள் உபவாசம் என்று பொருத்தனை பண்ணி நேர்ந்துகொண்டார். தண்ணீர் மட்டும். இரண்டாவது நாள், வியாழக்கிழமை மத்தியானம், பெனிஷாவைக் கூப்பிட்டார். உதடு வெடித்திருந்தது.

"நாளைக்குப் பதினொண்ணுல இருந்து ஒண்ணு வரைக்கும் ஷெட்டுல உபவாச ஜெபம் வெச்சிருக்கறன். பாஸ்டர் வரார். ஆளுங்க எல்லாரும் உக்காரணும். நீ கன்னடத்துல சொல்லிடு."

"சரிங்கண்ணா."

"சமையல் வேண்டாம். தோட்டமே உபவாசம்."

பெனிஷா கொஞ்சம் தயங்கினாள். "அவங்க நம்ம சபை இல்லியேண்ணா."

"பைபிள்ல நினிவே ராஜா சொன்னப்ப ஆடு மாடு கூட தண்ணி குடிக்காம கெடந்துச்சு. இவங்க ஒரு வேள இருக்க மாட்டாங்களா? நல்லா வெளஞ்சா அவங்களுக்கும்தானே நல்லது?" அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடினார். "அந்த ரெண்டு மணி நேரத்த சாயந்தரம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் இருந்து சரிக்கட்டிடச் சொல்லு. பூ ஏத்தற ஏசி வண்டி ஏழுக்கு வந்துரும்."

அன்று மாலை டெம்போ கிளம்பும்போது பெனிஷா அதைக் கன்னடத்தில் சொன்னாள். நாளைக்குச் சமையல் இல்லை, ஜெபம் இருக்கிறது, ஆறு மணி வரை வேலை. அதோடு இன்னொன்றும் சொன்னாள்: சோற்று டப்பா யாரும் கொண்டு வர வேண்டாம், உபவாசம் இருக்கிறவர்கள் முன்னால் சாப்பிட்டால் நன்றாக இருக்காது. இந்தக் கடைசிப் பேச்சு யேசுராஜ் சொன்னதல்ல. அவளாகச் சேர்த்தது. ஏன் சேர்த்தாள் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் சரி என்று நினைத்திருப்பாள்.

பெனிஷாவும் வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கிறவள்தான். அன்றைக்குப் பைபிளில் ஏசாயா தீர்க்கதரிசியின் உபவாச அதிகாரத்தை வாசிப்பாள். பல வருடமாக வாசித்து அது மனப்பாடம். வாசிக்கும்போது கண் எங்கே வேகமாக ஓடும், எங்கே நிற்கும் என்பதுகூடப் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஆட்கள் இறங்கினார்கள். பனி விலகவில்லை. முதல் பறிப்பு முடிந்து பூவெல்லாம் வாளித் தண்ணீரில் நிற்கும்போது ஒன்பதரை. வழக்கமாக அந்த நேரத்தில் சமையலறையில் சாந்தம்மா அடுப்பு மூட்டுகிற புகை வரும். அன்றைக்கு வரவில்லை. சாந்தம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு எல்லாரும் ஷெட்டில் கூடினார்கள். முன்னால் சபைக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. பின்னால், பூ சுற்றுகிற அட்டையைத் தரையில் விரித்து வேலைக்காரப் பெண்கள். முதல் நாற்காலியில் யேசுராஜ் முழங்கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பசியில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

பாஸ்டர் வெஸ்லின் நாகர்கோவில் பக்கத்துக்காரர். சபைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவர் குடியிருக்கும் வீடு யேசுராஜ் பார்த்துக் கொடுத்தது. பாட்டு முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார். பெனிஷா ஒரு அடி தள்ளி இன்னொரு மைக்கோடு நின்றாள். அவர் ஒரு வாக்கியம், அவள் ஒரு வாக்கியம்.

யேசுராஜ் கேட்டுக்கொண்டபடி அவர் ஏசாயாவைத்தான் எடுத்தார். ஆனால் அதிகாரத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்தார். சபைகளில் கொடுக்கிற புதுவருட வாக்குத்தத்த அட்டைகளில் அச்சடிக்கிற இடம் அது. அப்போது உன் வெளிச்சம் விடியலைப் போல வரும், அப்போது உன் புண் ஆறும், அப்போது நீ கூப்பிட்டால் ஆண்டவர் பதில் சொல்வார். வாடிப்போன செடியைப் போல இருக்கிற உன்னை அவர் தண்ணீர் பாய்ச்சின தோட்டம் போல ஆக்குவார்.

"தோட்டம்!" என்றார் பாஸ்டர். "அண்ணாச்சியோட தோட்டத்தப் பத்தி அன்னைக்கே எழுதி வெச்சிருக்கு பாருங்க."

நாற்காலிகளிலிருந்து அல்லேலூயா வந்தது. பெனிஷா கன்னடத்தில் சொன்னாள். தரையிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு கை மெதுவாக மேலே போனது.

கெம்பம்மா. நாற்பது வயதிருக்கும். பறிப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதிகம் பேசாதவள். கூட்டத்தில் கை தூக்குவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அக்கா," என்று கன்னடத்தில் கேட்டாள், "அப்போது, அப்போதுன்னு மூணு தடவை சொன்னார். அதுக்கு முன்னால ஏதோ இருக்கணுமே? என்ன செஞ்சா அப்போது? அதை அவர் சொல்லவே இல்லையே."

கேள்வியில் குத்தல் இல்லை. கதையை நடுவிலிருந்து கேட்டவள், ஆரம்பத்தைக் கேட்கிறாள், அவ்வளவுதான். ஆனால் முன்னால் என்ன இருக்கிறது என்று பெனிஷாவுக்குத் தெரியும். அவள் கண் வேகமாக ஓடுகிற இடம் அதுதான்.

"என்னம்மா கேக்காங்க?" என்றார் பாஸ்டர்.

கன்னடம் தெரிந்த யேசுராஜ் தலையைத் தூக்கிப் பெனிஷாவைப் பார்த்தார்.

"முட்டி வலியாம் பாஸ்டர்," என்றாள் பெனிஷா. "அதுக்கு ஜெபம் பண்ணச் சொல்றாங்க."

பாஸ்டர் உடனே கையை நீட்டி, கண்ணை மூடி, முட்டி வலிக்காக உருக்கமாக ஜெபித்தார். ஆண்டவரே, இந்தச் சகோதரியின் கால்களைத் தொடும் என்றார். நாற்காலிகளில் இருந்தவர்களும் சேர்ந்து ஜெபித்தார்கள். ஆமென் சொல்லி முடித்ததும் கெம்பம்மா தமிழில் பேசினாள். கொஞ்சம் உடைந்த தமிழ், ஆனால் எல்லாருக்கும் புரிகிற தமிழ்.

"சாமி, எனக்கு முட்டி நல்லா இருக்குது. நான் அத கேக்கல."

தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பெனிஷாவுக்கு முகம் சுட்டது. இத்தனை வருடமாக அவள் கன்னடத்தில் சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியவர்கள், அதற்கு முன்பே தமிழில் புரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

கெம்பம்மா கேள்வியைத் தமிழிலேயே திரும்பக் கேட்டாள். "அப்போன்னா எப்போ?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அவர் யேசுராஜைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார்.

"கேக்கது நியாயந்தான்," என்றார். "மேல இருந்து வாசிக்கணும். நான் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கணும்."

முதலிலிருந்து வாசித்தார். குரல் இப்போது பிரசங்கக் குரலாக இல்லை. நாங்கள் உபவாசம் இருக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் ஆண்டவரிடம் முறையிடுகிறார்கள். அதற்குப் பதில் வருகிறது. பெனிஷா ஒவ்வொரு வாக்கியமாகக் கன்னடத்துக்கு மாற்றினாள். இனி அது யாருக்கும் தேவையில்லை என்று தெரிந்தும் மாற்றினாள், கையில் மைக் இருந்ததால்.

பிறகு அந்த வரி வந்தது. பாஸ்டர் அதை வாசிக்கும்போது குரல் தணிந்தது. நீங்கள் உபவாசம் இருக்கிற நாளிலேயே உங்கள் இஷ்டத்தைச் செய்துகொண்டு, உங்கள் வேலைக்காரரைக் கசக்கி வேலை வாங்குகிறீர்கள்.

பெனிஷா வாயைத் திறந்தாள். கன்னடத்தில் 'நீவு' என்றால் நீங்கள். 'நாவு' என்றால் நாங்கள். அவள் 'நீவு' என்றுதான் சொல்லப் போனாள். எதிரே அட்டை மேல் உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்தைப் பார்த்தாள். டப்பா கொண்டு வராதீர்கள் என்று அவள் சொன்னதைக் கேட்டு, கொண்டு வராமல் வந்தவர்கள். அவள் வாயில் 'நாவு' என்று வந்துவிட்டது. நாங்கள் உபவாசம் இருக்கிற நாளில் எங்கள் இஷ்டத்தைச் செய்துகொண்டு உங்களைக் கசக்கி வேலை வாங்குகிறோம்.

பாஸ்டருக்குக் கன்னடம் தெரியாது. அவர் அடுத்த வரிக்குப் போனார். யேசுராஜுக்குத் தெரியும். அவர் பெனிஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடவும் முஷ்டியால் குத்தவும்தான் உபவாசமா, நாணலைப் போலத் தலையைத் தொங்கப்போடுவதுதான் உபவாசமா, கட்டை அவிழ்த்து விடுவதும் பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்வதும் அல்லவா நான் கேட்கிற உபவாசம் என்று பாஸ்டர் வாசித்துக்கொண்டே போனார். பெனிஷா நிறுத்தாமல் மொழிபெயர்த்தாள்.

யேசுராஜ் எழுந்தார். "ஆமென். நேரமாச்சு பாஸ்டர், முடிச்சிருங்க," என்றார். பாஸ்டர் இரண்டே வாக்கியத்தில் ஜெபித்து முடித்தார். பன்னிரண்டேகால்கூட ஆகவில்லை. பெண்கள் அட்டையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாலிஹவுஸுக்குப் போனார்கள்.

பெனிஷா கொஞ்ச நேரம் மைக் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு வயரைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சாந்தம்மா பின்னாலேயே வந்தாள்.

"என்னா பெனிஷா?"

"உல வையிக்கா. களி கிண்டிரலாம். அவசரத்துக்கு அதுதான் ஆவும்."

"அவுரு சொல்லிட்டாரா?"

"இல்ல."

சாந்தம்மா பெரிய பாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். பெனிஷா தோட்டத்து ஓரத்திலிருந்து கீரையைக் கிள்ளி வந்தாள். முக்கால் மணி நேரத்தில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் தயார். வரிசை வரிசையாகப் போய் அவளே கூப்பிட்டாள். முதலில் யாரும் நம்பவில்லை. கத்தரிக்கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்கள்.

கெம்பம்மா தட்டை வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். களியைத் தொடவில்லை.

"சாப்பிடு கெம்பம்மா. சூடு ஆறிடும்."

"நாங்களும் சிவராத்திரிக்கு ஒருபொழுது இருப்போம்," என்றாள் கெம்பம்மா. "பசி புதுசில்ல. ஆனா விரதம்னா நான் இருக்கணும். நீங்க என்னை இருக்க வெச்சா அதுக்குப் பேர் விரதமில்ல."

"தெரியும்."

"டப்பா வேண்டாம்னு சொன்னது அவரா, நீங்களா?"

"நான்தான்," என்றாள் பெனிஷா.

கெம்பம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபப்படப் போகிறாள் என்று பெனிஷா நினைத்தாள். கெம்பம்மா பக்கத்துத் தரையைக் கையால் தட்டினாள். "ஊட்டா மாடக்கா."

சாப்பிடு என்கிறாள். பெனிஷா வெள்ளிக்கிழமைகளில் மாலை ஆறு மணி வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொட்டதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரம்பித்தது. அம்மா போன பிறகும் விட மனமில்லை. அவள் ஒரு தட்டை எடுத்து, ஒரு உருண்டை வைத்துக்கொண்டு, கெம்பம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். களி தொண்டையில் இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டினால் என்றும் சொல்லலாம்.

அப்போதுதான் யேசுராஜ் வாசலில் வந்து நின்றார். பெண்கள் தட்டோடு எழப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று கை காட்டினார். பெனிஷாவை மட்டும் வெளியே அழைத்தார். ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில், பூப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் இருவரும் நின்றார்கள்.

"எம் பொருத்தனைய கலச்சிட்டியே."

"உங்களுத நான் தொடலண்ணா. அவங்க நேர்ந்துக்கல. நாமதான் அவங்கள பட்டினி போட்டோம்."

"ஜெபத்துல மாத்திச் சொன்னியே, அது தெரிஞ்சேதானே?"

"மொதல்ல வாய் தவறித்தான் வந்துச்சு. அப்புறம் திருத்தத் தோணல."

"நீயும் சாப்ட்டியா?"

"சாப்ட்டண்ணா."

அது அவரை அதிகம் தாக்கியது போலிருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கிரேட்டின் மேல் உட்கார்ந்தார். பேசியபோது குரல் அவருடையது போலவே இல்லை.

"மூணு நாளா முழங்கால் போடறன் பெனிஷா. ஒரு வார்த்த வரமாட்டேங்குது. கண்ண மூடுனா அந்த ஊதாப் புள்ளிதான் தெரியுது. பசி வருது, கோவம் வருது. காலைல அந்த மருந்தடிக்கற பையன் மேல கை ஓங்கிட்டன். ஜெபம் மட்டும் வரல. அதான், எல்லாரும் சேந்து இருந்தாலாவது..." முடிக்காமல் நிறுத்தினார்.

பெனிஷாவுக்கு அவர் மேல் இருந்த பயம் போய், வேறு ஏதோ வந்தது. "ஒரு உருண்ட கொண்டாரட்டுமாண்ணா?"

"வேண்டாம். ஆறு மணி வரைக்கும்னு நேர்ந்தது நேர்ந்ததுதான்." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நாலு மணிக்கு டெம்போவ எடுக்கச் சொல்லிடு. எப்பவும் போல."

"அப்ப மீதிப் பறிப்பு?"

"நான் இருக்கறன் இல்ல?"

நாலு மணிக்குப் பெண்கள் கிளம்பினார்கள். கெம்பம்மாவும் இன்னும் இரண்டு பேரும் இருக்கட்டுமா என்று கேட்டதற்கு யேசுராஜ் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு அவர் நாலாவது பாலிஹவுஸில் இறங்கினார். பெனிஷா பக்கத்து வரிசையில். பாஸ்டர் வெஸ்லினும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். அவர் தண்டைக் குட்டையாக வெட்டி வெட்டி முதல் வாளியையே பாழாக்கினார். "பாஸ்டர், நீங்க வாளி தூக்குங்க போதும்," என்று யேசுராஜ் கத்தினார். கத்திவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. சாந்தம்மா மொட்டுகளுக்கு அட்டை சுற்றினாள். ஆறு மணிக்கு ஒரு எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு யேசுராஜ் மறுபடி பெட்டி கட்ட உட்கார்ந்தார். எவ்வளவு விரட்டியும் ஏசி வண்டி கால்வாசி காலியாகத்தான் போனது. பூ வாங்குகிற பெங்களூர்க்காரர் போனில் சத்தம் போட்டார். யேசுராஜ் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஒரு வாரம் அவர் பெனிஷாவிடம் வேலையைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அவளும் வேலை போய்விடும் என்றே நினைத்திருந்தாள். மூன்றாவது பாலிஹவுஸில் நோய் பாதி வரிசைகளைத் தின்றது. மீதி பிழைத்தது. உபவாசத்தால் பிழைத்தது என்று சபையில் சிலர் சாட்சி சொன்னார்கள். யேசுராஜ் சொல்லவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் பெனிஷாவிடம் வந்தார். "வர வெள்ளிக்கிழம ஜெபம் வெக்கலாம்னு இருக்கறன். சாப்பாட்டு நேரத்துலயே வெச்சிக்கலாம். வேலைய நிறுத்த வேணாம். சமையல் எப்பவும் போல. வர இஷ்டம் இருக்கறவங்க வந்தா போதும்னு சொல்லிடு." கொஞ்சம் நின்று, "தமிழ்லயே சொல்லு, அவங்களுக்குத்தான் புரியுதே," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு வந்தவர்கள் ஏழு பேர். தோட்டத்து ஆட்களில் இரண்டு பேர்தான். கெம்பம்மா வரவில்லை; அவள் வர வேண்டும் என்று பெனிஷா எதிர்பார்க்கவும் இல்லை. நாற்காலி போடவில்லை. எல்லாரும் அட்டை மேல் உட்கார்ந்தார்கள். மொழிபெயர்க்க வேலை இல்லாததால் பெனிஷா சும்மா உட்கார்ந்து கேட்டாள். அப்படிக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்று அவளும் யேசுராஜும் உபவாசம்.

பாஸ்டர் யேசுராஜை ஜெபிக்கச் சொன்னார். அவர் முழங்கால் போட்டார். "ஆண்டவரே, போன மாசம்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. வழக்கமாக இப்படி ஒருவர் நிறுத்தினால் பாஸ்டர் ஒரு பாட்டைத் தொடங்கி நிரப்புவார். அன்றைக்கு அவரும் பேசாமல் இருந்தார். சமையலறைப் பக்கமிருந்து தட்டுச் சத்தம் வந்தது. பெண்கள் எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள். யேசுராஜ் கண்ணை மூடியபடியே இருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.